கற்பித்தலை முதன்மைப் பணியாகக் கொண்ட விரிவுரையாளரின் பதவியுயர்வு: எதைச் சான்றாக ஏற்பது?

ஈரக்குடை
திங்கள், இரவு 9.12

எங்கள் பீடத்தில் ஐந்து பேர் கொண்ட சிறு குழுவொன்றை அமைத்திருக்கிறார்கள். ஆய்வைவிடக் கற்பித்தலிலேயே தம் நேரத்தின் பெரும்பகுதியைச் செலவிடும் விரிவுரையாளர்களை ஆண்டுதோறும் எவ்வாறு மீளாய்வு செய்வது, அவர்கள் பதவியுயர்வுக்கு விண்ணப்பிக்கும்போது எவற்றைச் சான்றாக ஏற்பது என்பவற்றுக்கு ஒரு வரைவு கேட்கப்பட்டிருக்கிறது. குழுவில் இளையவள் நான் என்பதால் அதை எழுதும் வேலை வழக்கம்போல என் தலையில் விழுந்திருக்கிறது. எழுதத் தொடங்குமுன் இங்குள்ளவர்களின் அனுபவத்தைக் கேட்க விரும்புகிறேன்.

என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். விஞ்ஞானம் கற்க வரும் முதலாம் வருட மாணவர்களுக்கு ஆங்கிலமும் கல்விசார் எழுத்தும் கற்பிக்கிறேன். செய்முறை வகுப்புகளில் அறிக்கை எழுதும் பகுதியும் என் பொறுப்பு. உயர்தரத்தைத் தமிழில் படித்துவிட்டு ஆங்கில மொழிமூலத்துக்கு வருபவர்கள் எங்கள் வகுப்பில் கணிசமானோர். நுவரெலியாவும் பதுளையும் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஒதுக்கீட்டுக்குள் வருபவை. தோட்டப் பாடசாலையில் தொடங்கி, குடும்பத்தில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகத்துக்குள் நுழையும் பிள்ளைக்குப் பாடம் விளங்காததும் மொழி விளங்காததும் ஒன்றாகவே தெரிகின்றன.

மூன்று வருடங்களுக்கு முன் பொகவந்தலாவைப் பக்கத்து மாணவி ஒருத்தியின் இரசாயனவியல் செய்முறைக் கையேட்டைத் தற்செயலாகப் புரட்டினேன். முதற்பக்கத்தில் ஏறக்குறைய எல்லா ஆங்கிலச் சொற்களுக்கும் மேலே பென்சிலால் தமிழ்ப் பொருள் எழுதியிருந்தாள். இரண்டாம் பக்கத்தில் பாதிச் சொற்களுக்கு. மூன்றாம் பக்கத்தின் நடுவில் பென்சில் நின்றுவிட்டது. அந்தக் கையேட்டின் வாக்கியங்களை உடைத்து எளிமையாக்கி, ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன்னால் இருபது சொற்களுக்குத் தமிழ் விளக்கம் சேர்த்துத் திருத்தி எழுத எனக்கும் இரசாயனவியல் துறை நண்பர் ஒருவருக்கும் இரண்டு வருடங்கள் பிடித்தன. அண்மையில் ஒரு படிவத்தை நிரப்பியபோது அந்த வேலையை 'ஏனையவை' என்ற கட்டத்துக்குள் ஒரு வரியாகத்தான் எழுத முடிந்தது. அந்த ஒரு வரிக்கு உரிய இடம் எது என்பதே என் கேள்வி.

ஓய்வுபெற்ற மேசை
திங்கள், இரவு 10.40

உங்கள் குழுவின் கைக்கு எட்டுவது எது, எட்டாதது எது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். இலங்கையின் அரச பல்கலைக்கழகங்கள் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் இயங்குபவை; பதவிப் படிகளையும் அவற்றுக்கான தகைமைகளையும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு தன் சுற்றறிக்கைகளால் வகுக்கிறது. தகுதிகாண் விரிவுரையாளர், சிரேஷ்ட விரிவுரையாளர் இரண்டாம் தரம், முதலாம் தரம், பின்னர் இணைப் பேராசிரியர், பேராசிரியர், சிரேஷ்ட பேராசிரியர் என்று ஏறும் ஏணியை ஒரு பீடம் தானாக மாற்றியமைக்க முடியாது. குழு எவ்வளவு அழகாக எழுதினாலும் புதிய பதவி ஒன்று அதிலிருந்து பிறக்கப் போவதில்லை.

ஆனால் பேராசிரியர் நிலைகளுக்கென 2009இல் வந்த 916ஆம் இலக்கச் சுற்றறிக்கையை எடுத்துப் பாருங்கள். கற்பித்தலும் கல்வி மேம்பாடும் ஒரு பகுதி; ஆய்வும் புலமையும் ஆக்கப் பணியும் இன்னொரு பகுதி; அறிவைப் பரப்புதலும் பல்கலைக்கழகத்துக்கும் நாட்டுக்கும் ஆற்றிய பங்களிப்பும் மூன்றாவது. ஆகவே கற்பித்தலுக்குப் புள்ளியே இல்லை என்று சொல்வது சரியன்று. புள்ளி இருக்கிறது, அதைப் போடுவதற்கு முன் எவரும் எதையும் வாசிப்பதில்லை என்பதே என் முறைப்பாடு.

தெரிவுக் குழுக்களில் இருந்தவன் என்ற வகையில் சொல்கிறேன். ஆய்வுக் கட்டுரைகள் வெளியிலுள்ள புலமையாளர்களுக்குச் செல்லும். அவர்கள் வாரக்கணக்கில் வைத்திருந்து வாசித்துப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்புவார்கள். கற்பித்தல் தொடர்பான இணைப்புகளோ நேர்முகத்தன்று கனத்த கோப்பாக மேசைமேல் கிடக்கும். நான் புரட்டிய ஒரு கோப்பில் ஒன்பது வருட நேரசூசிகள் இருந்தன, பரீட்சை மேற்பார்வைக் கடிதங்கள் இருந்தன, மாணவர்களால் பெரிதும் விரும்பப்படுபவர் என்று துறைத்தலைவர் எழுதிய அரைப்பக்கமும் இருந்தது. அந்த மனிதர் வகுப்பறைக்குள் என்ன செய்தார் என்பதைச் சொல்லும் தாள் ஒன்றுகூட இல்லை. அவர் அருமையான ஆசிரியர் என்பது மேசையைச் சுற்றியிருந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததைப் புள்ளியாக்க வழியில்லாமல் வருடங்களை எண்ணிப் புள்ளி போட்டோம்.

உங்கள் வரைவு தனி ஏணி கேட்பதைவிட, எந்தச் சான்றை யார், எப்போது வாசிக்க வேண்டும் என்பதைக் கேட்டால் பயனுண்டு.

தகுதிகாண் காலம்
செவ்வாய், காலை 7.05

சேர், ஒரு சின்னச் சந்தேகம். புதிய விரிவுரையாளர்களுக்கான பயிற்சிநெறியை நான் இப்போதுதான் முடித்திருக்கிறேன். கடந்த அரையாண்டில் மாணவர்கள் என் கற்பித்தலுக்கு இட்ட மதிப்பீட்டில் ஐந்துக்கு 4.6 கிடைத்தது. கற்பித்தலை அளக்க இந்த எண் ஏற்கெனவே கையில் இருக்கும்போது, தொடர்ந்து மூன்று வருடங்கள் 4க்கு மேல் பெற்றவர் தகுதியுடையவர் என்று எழுதிவிட்டால் போதாதா? குறைந்தபட்சம் அதில் எவருடைய தயவும் தேவைப்படாது.

பதுளை எண்கள்
செவ்வாய், காலை 8.30

வாழ்த்துகள். ஆனால் அந்த 4.6ஐ நம்பி வீடு கட்டிவிடாதீர்கள்.

பன்னிரண்டு பேர் உள்ள வகுப்பில் பதினொருவர் ஐந்து கொடுத்து, தாமதமாகக் கொடுத்த ஒப்படையை நீங்கள் ஏற்காத கோபத்தில் ஒருவர் மட்டும் ஒன்று கொடுத்தால், சராசரி 4.67க்கு இறங்கிவிடும். அதே கோபக்காரர் 180 பேர் உள்ள வகுப்பில் இருந்தால் 4.98; எவருக்கும் தெரியாது. இந்த இரண்டு வகுப்புகளையும் ஒரே கோட்டில் வைத்து, 4.3 பெற்றவர் 4.1 பெற்றவரைவிடச் சிறந்தவர் என்று தீர்மானிக்கும் கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அங்கு நடப்பது அளவீடு அன்று, சீட்டுக் குலுக்கல்.

வகுப்பின் அளவு ஒரு புறமிருக்கட்டும். அமெரிக்காவின் வட கரோலைனாவில் ஓர் இணையவழிப் பாடத்தைக் கற்பித்தவர்களின் பெயர்களை மாற்றி வைத்துச் செய்த ஆய்வு 2015இல் வெளியானது. கற்பித்தவர் உண்மையில் யாராக இருந்தாலும், ஆண் என்று நம்பப்பட்டவர் கூடுதல் மதிப்பீடு பெற்றார். ஒரே பாடத்தைப் பல பிரிவுகளாகப் பலர் கற்பித்த பழைய ஆய்வுகளை 2017இல் மீளக் கணக்கிட்டவர்கள், உயர்ந்த மதிப்பீடு பெற்ற ஆசிரியரிடம் மாணவர் கூடுதலாகக் கற்றனர் என்பதற்கு ஆதாரம் காணவில்லை. 2019இல் ஹாவர்ட் பௌதிகவியல் வகுப்புகளில் நடந்த பரிசோதனை இன்னும் சங்கடமானது. தாமாகவே கணக்குகளோடு மல்லுக்கட்டிய மாணவர்கள் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். ஆனால் சரளமான விரிவுரையைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களே தாங்கள் கூடுதலாகக் கற்றதாக நினைத்தார்கள். கஷ்டப்படுத்திக் கற்பிப்பவருக்குப் படிவத்தில் நட்டம்.

மாணவரைக் கேட்கவே கூடாது என்பது என் வாதமன்று. அவர்கள் கண்ணால் கண்டதைக் கேளுங்கள்: திருத்திய விடைத்தாள் எத்தனை வாரத்தில் கைக்கு வந்தது, அதில் புள்ளியைத் தவிர வேறு ஏதாவது எழுதியிருந்ததா, வகுப்பில் கேள்வி கேட்கப் பயமாக இருந்ததா? சராசரியைத் தூக்கி எறிந்துவிட்டு, எத்தனை பேர் எந்த விடையைத் தெரிந்தார்கள் என்ற பரம்பலை அப்படியே இணைக்கச் சொல்லுங்கள். படிவத்தைத் திருப்பிக் கொடுக்காதவர்கள் எத்தனை பேர் என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

ஹற்றனிலிருந்து தொலைவில்
செவ்வாய், மாலை 6.20

பத்து வருடங்களாக இங்கிலாந்துப் பல்கலைக்கழகமொன்றில் கற்பித்தலை முதன்மையாகக் கொண்ட ஒப்பந்தத்தில் இருக்கிறேன். இங்குள்ள அனுபவத்தை அப்படியே அங்கே நட்டால் வேர் பிடிக்காது. ஆயினும் எங்கே சறுக்கினார்கள் என்பது உங்களுக்கு உதவக்கூடும்.

இங்கே உயர்கல்விப் புள்ளிவிபரங்களில் கல்விசார் ஊழியரை 'கற்பித்தல் மட்டும்', 'கற்பித்தலும் ஆய்வும்', 'ஆய்வு மட்டும்' என்று வகைப்படுத்தி எண்ணுகிறார்கள். 2021இல் நடந்த நாடளாவிய ஆய்வுத் தர மதிப்பீட்டில், ஆய்வுப் பொறுப்புடைய எல்லோரையும் கணக்கில் காட்ட வேண்டும் என்று விதி மாறியது. அதற்கு முந்திய வருடங்களில் சில பல்கலைக்கழகங்கள் போதிய கட்டுரைகள் இல்லாதவர்களைக் கற்பித்தல் ஒப்பந்தங்களுக்கு நகர்த்தின. விரும்பி வந்தவரும் தள்ளப்பட்டு வந்தவரும் ஒரே வரிசையில் நிற்பதால், அந்த வரிசைக்கு மதிப்புத் தேடித் தருவது இன்றும் சிரமமாக இருக்கிறது. உங்கள் வரைவில் 'ஆய்வு செய்யாதவர்' என்ற சொற்றொடர் எங்காவது இருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். இல்லாததைச் சொல்லி ஒரு பதவியை வரையறுக்கக் கூடாது.

நான் முதன்முறை விண்ணப்பித்தபோது நிராகரிக்கப்பட்டேன். நாற்பது பக்கங்கள் எழுதியிருந்தேன். எல்லாமே நான் நடத்திய வகுப்புகள், நான் தயாரித்த குறிப்புகள். குழுவின் பதிலின் சாரம், இவர் தன் வகுப்பை மிக நன்றாக நடத்துகிறார், அதற்கு வெளியே யாருடைய கற்பித்தல் இவரால் மாறியது என்பது தெரியவில்லை என்பதே. கோபம் வந்தது. பிறகு யோசித்தபோது அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. ரூத் கிரஹாம் என்ற ஆய்வாளர் பிரித்தானிய அரச பொறியியல் கழகத்துக்காக 2018இல் தயாரித்த சட்டகம் இதையே படிநிலையாக வைக்கிறது. முதற்படியில் தன் மாணவருக்கு நன்றாகக் கற்பிப்பவர். அடுத்து, சக ஆசிரியருக்கும் கைகொடுப்பவர். அதற்கு மேலே தன் நிறுவனத்தின் கற்பித்தலை வழிநடத்துபவர் அல்லது கற்பித்தலைப் புலமையோடு ஆராய்பவர். உச்சியில் நாடளாவிய, உலகளாவிய செல்வாக்கு உடையவர். வகுப்பில் செலவிட்ட மணித்தியாலங்கள் இந்தப் படிகளில் எங்கும் தனித் தகுதியாக வரவில்லை.

ஈரக்குடையின் கையேடு இந்தக் கணக்கில் 'ஏனையவை' அன்று. அதை வேறு துறையினர் எடுத்துப் பயன்படுத்தினார்களா?

கொழுந்து மடுவம்
செவ்வாய், இரவு 9.55

எனக்கு இந்தப் பேச்சிலேயே நம்பிக்கை குறைவு. கற்பித்தலை முதன்மையாகக் கொண்டவர் என்று ஒருவருக்குப் பெயர் வைத்த மறுநாளே நேரசூசியில் மிஞ்சிய வகுப்புகளெல்லாம் அவர் பக்கம் வந்து சேரும். மாநாட்டுக்குப் போனவரின் விரிவுரை, பிரசவ விடுமுறையில் உள்ளவரின் டியூட்டோரியல், மீளப் பரீட்சை எழுதுவோரின் சனிக்கிழமை வகுப்பு என்று ஒவ்வொன்றாக வரும். ஆறு வருடங்கள் கழித்து அவர் விண்ணப்பிக்கும்போது, வெளியே என்ன செல்வாக்கு என்று கேட்பீர்கள். வெளியே போக அவருக்கு எங்கே நேரம் இருந்தது?

என் அம்மா முப்பது வருடங்கள் கொழுந்து எடுத்தவர். மடுவத்தில் நிறுக்கும்போது ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று சில கிலோவைக் கழித்துவிட்டுத்தான் பேரேட்டில் எழுதுவார்கள்; எவ்வளவு கழிப்பது என்பது எழுதுபவர் கையில். அதனால் அம்மா தராசு முள்ளைவிடப் பேனையைத்தான் கவனிப்பார். உங்கள் வரைவிலும் நான் பேனையைத்தான் பார்ப்பேன். தன்னைப் பற்றி எழுதப்பட்ட அறிக்கைகள் எல்லாவற்றையும் விண்ணப்பதாரர் வாசிக்கலாமா, தவறு இருந்தால் பதில் எழுதலாமா, அந்தப் பதில் தெரிவுக் குழுவின் முன் வைக்கப்படுமா? இம்மூன்றுக்கும் ஆம் என்ற விடை இல்லாவிட்டால், சான்று எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் கழிவு போனதுதான் மிச்சம்.

ஓய்வுபெற்ற மேசை
செவ்வாய், இரவு 10.10

கொழுந்து மடுவம் சொல்வதை ஏற்கிறேன். நாங்கள் புள்ளியை மட்டுமே அறிவித்தோம்; காரணத்தை அறிவித்ததில்லை.

பத்தனைச் சந்தி
புதன், மாலை 4.45

ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கும் பத்தனைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கல்வியியற் கல்லூரிகளில் இருக்கும் நாங்கள் பல்கலைக்கழக ஊழியர் அல்லர்; இலங்கை ஆசிரியர் கல்வியியலாளர் சேவையைச் சேர்ந்தவர்கள். எங்கள் பதவியுயர்வு விதிகள் வேறு, அவற்றை இங்கே இழுக்க மாட்டேன். ஆனால் ஒருவர் கற்பிப்பதை இன்னொருவர் பின்வாங்கில் அமர்ந்து பார்ப்பது எங்கள் அன்றாட வேலை. ஆசிரிய மாணவர்கள் இரண்டு வருடங்கள் கல்லூரியில் தங்கிப் படித்து, மூன்றாம் வருடம் பாடசாலைகளில் கட்டுறுப் பயிற்சிக்குப் போகும்போது, அவர்களைத் தேடி மலையேறிச் செல்வோம்.

நான் எடுத்துச் செல்லும் தாளில் மூன்று நிரல்கள் உண்டு. இடப்பக்கம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு கோடு. நடுவில் ஆசிரியர் செய்வது. வலப்பக்கம் பிள்ளைகள் செய்வது. நன்று, போதாது என்பன போன்ற சொற்களை அந்தத் தாளில் எழுதுவதில்லை என்பது எனக்கு நானே விதித்துக்கொண்ட ஒழுங்கு. அக்கரப்பத்தனைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில், ஒரே மண்டபத்தில் நடுவே தட்டிகூட இல்லாமல் இரண்டு வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. எங்கள் ஆசிரிய மாணவர் துடிப்பாகக் கற்பித்தார். கேள்விமேல் கேள்வி கேட்டார். வகுப்பு கலகலவென்று இருந்தது. பாடம் முடிந்ததும், எல்லோரும் நன்றாகப் பங்குபற்றினார்கள் சேர் என்று மகிழ்ச்சியோடு சொன்னார். வலப்பக்க நிரலைக் காட்டினேன். விடை சொன்னவர்கள் எல்லாம் முன்வாங்கில் இருந்த அதே நான்கு பிள்ளைகள். மூன்றாம் வாங்கில் ஒரு சிறுமி நாற்பது நிமிடமும் பக்கத்து வகுப்பின் பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் நீண்ட நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து வாரங்கள் கழித்து மீண்டும் போனபோது வாங்குகளையே வேறு மாதிரிப் போட்டு வைத்திருந்தார்.

அந்த இரண்டாவது வருகைதான் முக்கியம். ஒருமுறை பார்த்துவிட்டு எழுதும் அறிக்கை, அன்றைய மழைக்கும் அன்றைய தலைவலிக்கும் எழுதும் அறிக்கை. அதே பாடத்தை இடைவெளி விட்டு இருமுறை பார்த்தால்தான் ஆசிரியர் எதை மாற்றினார் என்பது தெரியும். பாடத்துக்கு முன் பத்து நிமிடமாவது உட்கார்ந்து, இன்று எதைக் கவனிக்க வேண்டும் என்று ஆசிரியரிடமே கேட்டுக்கொள்வதும் அவசியம்.

ஒரு எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். இந்தத் தாள் நேராகப் பதவியுயர்வுக் கோப்புக்குப் போகும் என்று தெரிந்தால், எவரும் தமக்குத் தடுமாற்றமான பாடத்தைப் பார்க்க அழைக்க மாட்டார்கள். பலமுறை ஒத்திகை பார்த்த, பளபளப்பான பாடத்துக்குத்தான் அழைப்பு வரும்.

ஈரக்குடை
வியாழன், இரவு 8.15

எல்லோருக்கும் நன்றி. நேற்றும் இன்றும் உட்கார்ந்து முதல் வரைவை எழுதினேன். சுருக்கமாகத் தருகிறேன், தயங்காமல் வெட்டுங்கள்.

தனி ஏணி கேட்கும் பந்தியை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு விரிவுரையாளரும் வருட இறுதியில் இரண்டு பக்கங்களுக்கு மேற்படாமல், இந்த வருடம் கற்பித்தலில் எதை மாற்ற முயன்றேன், ஏன், என்ன நிகழ்ந்தது, எது பலிக்கவில்லை என்று எழுதித் துறைத்தலைவரோடு கலந்துரையாட வேண்டும். எது பலிக்கவில்லை என்ற கேள்விக்கு விடை எழுதாத பக்கம் முழுமையற்றதாகக் கொள்ளப்படும். துறைத்தலைவரும் அதே தாளில், இவருக்கு ஒதுக்கப்பட்ட வகுப்பு நேரம் எவ்வளவு, இடையில் எவருடைய வகுப்புகள் கூடுதலாக இவரிடம் கொடுக்கப்பட்டன என்பதைப் பதிய வேண்டும். இது கொழுந்து மடுவத்துக்காகச் சேர்த்தது.

அவதானிப்புத் தாள்கள் ஆசிரியரின் சொத்து. அவற்றைத் துறைத்தலைவரோ பீடாதிபதியோ கேட்டு வாங்க முடியாது. விண்ணப்பிக்கும்போது மட்டும், ஒரே பாடத்தின் மீது வெவ்வேறு வருடங்களில் எழுதப்பட்ட இரண்டு தாள்களைத் தாமே தெரிந்தெடுத்து, இடையில் என்ன மாறியது என்ற தம் விளக்கத்தோடு இணைக்க வேண்டும். முதல் தாள் மோசமாக இருந்தால் அது அவருக்குப் பாதகமாகாது. சொல்லப்போனால் மாற்றத்தைக் காட்ட அதுதான் உதவும்.

மாணவர் மதிப்பீட்டில் சராசரி இடம்பெறாது. கையேடு, பாடத்திட்டத் திருத்தம் போன்றவை 'ஏனையவை'யிலிருந்து வெளியே வந்து, கல்வி மேம்பாடு என்ற தலைப்பின் கீழ், பிறர் அதை எடுத்துப் பயன்படுத்தியமைக்கான சான்றோடு வைக்கப்படும். ஹற்றனிலிருந்து தொலைவில் கேட்டதற்கு விடை: ஆம், தாவரவியலில் எங்கள் அமைப்பைப் பின்பற்றி ஒரு கையேடு செய்துகொண்டிருக்கிறார்கள். அதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்க இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

கொழுந்து மடுவம்
வியாழன், இரவு 9.30

நேரத்தைப் பதியும் பகுதிக்கு நன்றி. ஆனால் அவதானிப்பவர் யார் என்று எழுதவில்லையே? எங்கள் துறையில் ஏழு பேர். ஒருவர் மற்றவருடைய பிள்ளையின் பேர்சூட்டு விழாவுக்குப் போனவர்; இன்னும் இருவர் நான்கு வருடங்களாக ஒருவரோடொருவர் பேசுவதில்லை. இதில் யார் யாரைப் பார்த்து எழுதினாலும் தாளில் உறவுதான் தெரியும்.

பத்தனைச் சந்தி
வியாழன், இரவு 9.48

ஒருவரைத் துறைக்குள்ளிருந்தும் ஒருவரைப் பீடத்துக்கு வெளியிலிருந்தும் ஆசிரியரே தெரிந்தெடுக்கட்டும். பாடம் தெரியாதவர் என்ன பார்ப்பார் என்று கேட்பார்கள். பாடம் தெரியாதவர்தான் பிள்ளைகளைப் பார்ப்பார். தெரிந்தவர் கரும்பலகையில் பிழை தேடிக்கொண்டிருப்பார். இரண்டும் தேவை.

ஓய்வுபெற்ற மேசை
வெள்ளி, காலை 6.30

இன்னும் இரண்டு விடயங்கள். இளங்கலைக் கற்கைநெறிகளை மீளாய்வு செய்வதற்கென 2015இல் வெளியான கையேடு, மாணவர் பின்னூட்டலையும் சக ஆசிரியர் அவதானிப்பையும் ஏற்கெனவே எதிர்பார்க்கிறது. ஆகவே பீடத்தின் தர உறுதிப்பாட்டுப் பிரிவில் படிவங்கள் இருக்கும். அவற்றைத் தேடி எடுத்து உங்கள் தாளாக மாற்றிக்கொள்ளுங்கள். புதிய படிவம் ஒன்றைக் கொண்டுபோனால் சபையில் முதற்கேள்வி, இதற்கு முன்பே ஒன்று இருக்கிறதே என்பதாகத்தான் இருக்கும்.

இரண்டாவது இதைவிடப் பெரியது. கட்டுரைகள் வெளியே அனுப்பப்படும் அதே நாளில் கற்பித்தற் கோப்பும் வெளியிலுள்ள ஒருவருக்கு அனுப்பப்பட வேண்டும் என்ற வரி உங்கள் வரைவில் இல்லை. அதை முதல் பந்தியிலேயே வையுங்கள். நேர்முகத்தன்று மேசையில் வந்து விழும் கோப்பை எவரும் வாசிக்க மாட்டார்கள், நானே வாசித்ததில்லை. அனுப்பும் கோப்பும் முப்பது பக்கங்களைத் தாண்டக் கூடாது. நேரசூசிகளை இணைக்க வேண்டாம் என்று வெளிப்படையாக எழுதுங்கள், இல்லாவிட்டால் இணைப்பார்கள்.

ஹற்றனிலிருந்து தொலைவில்
வெள்ளி, பிற்பகல் 2.10

சேர் சொன்ன வெளி வாசகரைத் தேடுவது அவ்வளவு கடினமன்று. கனடாவில், வன்கூவரிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தற் பேராசிரியர் என்றே ஒரு பதவி இருக்கிறது. கற்பித்தல், கல்வித் தலைமைத்துவம், சேவை ஆகியவற்றைக் கொண்டு அதற்கு எடைபோடுகிறார்கள். இங்கே இங்கிலாந்தில் அட்வான்ஸ் எச்.ஈ. என்ற அமைப்பு இணை உறுப்பினர், உறுப்பினர், சிரேஷ்ட உறுப்பினர், முதன்மை உறுப்பினர் என்று நான்கு நிலைகளில் கற்பித்தல் அங்கீகாரம் கொடுக்கிறது. ஆனால் வெளிநாட்டைத் தேடி ஓடுவதற்கு முன் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் அதே வகை மாணவருக்குக் கற்பிப்பவரை நாடுங்கள். பொகவந்தலாவைப் பிள்ளையின் பென்சில் ஏன் மூன்றாம் பக்கத்தில் நின்றது என்பது வன்கூவரில் இருப்பவருக்கு நான்கு பக்கம் விளக்கினாலும் விளங்காது.

பதுளை எண்கள்
வெள்ளி, மாலை 5.40

ஈரக்குடையின் வரைவில் 'என்ன நிகழ்ந்தது' என்ற கேள்வி இருக்கிறது. அதற்கு எல்லோரும் எழுதப்போகும் விடையை இப்போதே சொல்லிவிடுகிறேன்: சென்ற வருடம் சித்தி வீதம் இவ்வளவு, இந்த வருடம் இவ்வளவு, ஆகவே என் முறை வென்றது. இதை ஏற்காதீர்கள். ஒவ்வொரு தொகுதி மாணவரும் வேறு, வினாத்தாள் வேறு. மிக மோசமான வருடத்துக்கு அடுத்த வருடம், எவரும் ஒன்றும் செய்யாமலே, கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கும்.

கையேட்டுக்கு நான் பரிந்துரைப்பது இது. பழைய கையேட்டோடு எழுதிய செய்முறை அறிக்கைகளில் பதினைந்தையும் புதியதோடு எழுதியவற்றில் பதினைந்தையும், ஒரே பரிசோதனைக்குரியவையாக, குலுக்கி எடுங்கள். பெயரையும் வருடத்தையும் மறைத்துப் படியெடுத்து, இரண்டு கட்டையும் கலந்து, உங்களோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். அவர் பார்க்க வேண்டியது, அவதானத்தையும் முடிவையும் மாணவர் பிரித்து எழுதியிருக்கிறாரா என்பது போன்ற இரண்டு மூன்று விடயங்களை மட்டுமே. முப்பது தாள், ஒரு பிற்பகல். மாணவர் வேறு என்ற குறை இதிலும் இருக்கும். என்றாலும் சித்தி வீதத்தைவிட இது நேர்மையானது. வித்தியாசம் ஒன்றும் தெரியாவிட்டால் அதையும் கோப்பில் எழுதுங்கள்.

தகுதிகாண் காலம்
வெள்ளி, இரவு 8.00

என் 4.6ஐ இனி எவரிடமும் சொல்ல மாட்டேன். உண்மையாகவே கேட்கிறேன்: நான் விண்ணப்பிக்க இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன. இன்றிலிருந்து எதைச் சேர்த்து வைக்க வேண்டும்?

பதுளை எண்கள்
வெள்ளி, இரவு 8.20

மாணவரின் வேலையை. உங்கள் பவர்பொயிண்ட் எல்லாம் எப்படியும் கணினியில் இருக்கும். திருத்திக் கொடுத்த தாள் கொடுத்த அன்றே போய்விடும். ஒவ்வொரு அரையாண்டும் நல்லது, நடுத்தரம், பலவீனமானது என்று மூன்று மூன்றாக, மாணவரின் சம்மதத்தோடு, பெயரை மறைத்துப் படியெடுத்து வையுங்கள்.

ஈரக்குடை
ஞாயிறு, மாலை 6.50

வரைவை இன்று குழுவுக்கு அனுப்பிவிட்டேன். வெளி வாசகர் பற்றிய வரி முதற்பந்தியில் இருக்கிறது. கோப்புக்கு முப்பது பக்க எல்லை, நேரசூசி வேண்டாம் என்பதும் இருக்கின்றன. அவதானிப்போர் இருவர், ஒருவர் பீடத்துக்கு வெளியிலிருந்து. அறிக்கைகளை விண்ணப்பதாரர் வாசித்து மூன்று வாரங்களுக்குள் பதில் எழுதலாம் என்ற பந்தியை நீக்கும்படி குழுவில் ஒருவர் கேட்டார். இரகசியம் இல்லாவிட்டால் எவரும் வெளிப்படையாக எழுத மாட்டார்கள் என்பது அவருடைய வாதம். அதிலும் நியாயமுண்டு. எழுதியவரின் பெயரை மறைத்து, எழுதியதை மட்டும் காட்டுவது என்று இப்போதைக்கு மாற்றியிருக்கிறேன். சிறிய துறையில் பெயரை மறைத்தாலும் எழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று கொழுந்து மடுவம் சொல்லப்போவதும் எனக்குத் தெரியும்.

கொழுந்து மடுவம்
ஞாயிறு, இரவு 7.15

சொல்லத்தான் இருந்தேன். பரவாயில்லை, பேரேட்டைக் காட்டச் சம்மதித்திருக்கிறார்களே, அதுவே பெரிது. சபையில் அந்தப் பந்தி தப்புகிறதா என்று எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற மேசை
ஞாயிறு, இரவு 8.02

உங்கள் சொந்தக் கோப்புக்கு ஒன்று கேட்கிறேன். அந்த மூன்று பக்கங்களின் படி, பென்சில் எழுத்தோடு, உங்களிடம் இருக்கிறதா? கையேட்டை ஏன் மாற்றி எழுதினீர்கள் என்பதை வெளி வாசகருக்கு அதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது.

ஈரக்குடை
திங்கள், இரவு 9.20

இல்லை சேர். அன்று படமெடுத்து வைக்கத் தோன்றவில்லை. அந்த மாணவி இப்போது இறுதி வருடத்தில் இருக்கிறாள். இன்று மதியம் நூலக வாசலில் கண்டு கேட்டேன். கையேடு வீட்டில் இருப்பதாகவும், பள்ளிக்கூடக் கொப்பிகளோடு அம்மா பெட்டியில் போட்டு வைத்திருப்பதாகவும், விடுமுறைக்குப் போகும்போது எடுத்து வருவதாகவும் சொன்னாள். பெயரை மறைத்துத்தான் இணைப்பேன் என்றேன். பெயர் பரவாயில்லை, எழுத்துத்தான் சரியான மோசம் மிஸ், அழித்துவிட்டுத் திரும்ப வடிவாக எழுதித் தரட்டுமா என்று கேட்டாள்.